உழைச்செல்வானும் செயற்கை நுண்ணறிவும்

திருக்குறளின் தொண்ணூற்றைந்தாம் அதிகாரம் மருந்து. உண்ணும் அளவும் பசித்துப் புசித்தலும் நோயின் காரணம் நாடலும் என ஒவ்வொன்றாய்க் கூறி வரும் வள்ளுவர், அவ்வதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்துக் காட்டுகிறார். நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, உழைச்செல்வான் ஆகிய நான்கும் அவை. உழை என்பது பக்கம் என்னும் பொருளது. நோயாளியின் பக்கத்தே நின்று, மருத்துவன் சொன்னதைச் செய்து முடிப்பவனே உழைச்செல்வான். இன்று நாம் செவிலியர் என்றும், மருத்துவ உதவியாளர் என்றும், ஊர்ப்புறத்துச் சுகாதாரப் பணியாளர் என்றும் அழைப்போர் அனைவரும் இச்சொல்லுக்குள் அடங்குவர்.

இக்குறளுக்கு உரை வகுத்த பரிமேலழகர், நான்கு கூறுகளையும் தனித்தனியே நந்நான்காக விரித்துரைக்கிறார். மருத்துவனுக்குக் கல்வியோடு நுண்ணறிவும் வேண்டும் என்பது அவர் கருத்து. உழைச்செல்வானுக்கு அவர் கூறும் தகுதிகள் நம் கவனத்திற்குரியன. நோயாளியிடத்து அன்பு வேண்டும், மனமும் மொழியும் மெய்யும் தூயனவாதல் வேண்டும், சொல்லியவற்றைச் சொல்லியவாறே செய்யும் வன்மை வேண்டும், அறிவும் வேண்டும். மூன்றாவதும் நான்காவதும் ஒன்றோடொன்று மோதுவன போலத் தோன்றவில்லையா? சொன்னதை அப்படியே செய்பவனுக்கு அறிவு எதற்கு? வகுப்பறையில் இவ்வுரையைப் பாடம் சொல்லும்போதெல்லாம் எவரேனும் ஒரு மாணவர் இவ்வினாவை எழுப்புவது உண்டு. சொன்னவர் தவறிய இடத்தை உடன் நிற்பவர் உணர வேண்டும் அல்லவா, அதற்குத்தான் என்று விடை கூறிப் பாடத்தை நகர்த்திவிடுவேன்.

அவ்வளவு எளிதில் நகர்த்திவிடக் கூடிய வினா அன்று இது என்பதனை அண்மைக் காலம் எனக்கு உணர்த்தியுள்ளது. இப்போது மருத்துவமனைகளுக்குள் ஐந்தாவதாக ஒன்று நுழைந்திருக்கிறது. அது நோயாளியும் அன்று, மருத்துவனும் அன்று, மருந்தும் அன்று. படத்தைப் பார்த்து நோயைச் சொல்லும் கணிப்பொறி அது. அதன் சொல்லை மருத்துவர் ஏற்பாரா என்று உலகெங்கும் பேசுகின்றனர். உழைச்செல்வான் அதனை எவ்வாறு கொள்கிறான் என்னும் வினாவோ அரிதாகவே கேட்கப்படுகிறது. ஆயின், இக்கருவி வெல்வதும் தோற்பதும் பெரிதும் அவன் கையிலேயே உள்ளன என்பது நம் கருத்து.

கணிப்பொறி கற்ற விதம்

அல்காரிதம் என்னும் சொல்லின் பிறப்பை நம் கல்லூரி மாணவர்கள் அறிந்திருத்தல் வேண்டும். ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாத் நகரில் வாழ்ந்த கணித மேதை முகம்மது இப்னு மூசா அல்-குவாரிஸ்மியின் பெயரே இலத்தீன் மொழியில் திரிந்து அச்சொல்லாயிற்று. ஒரு கணக்கை இன்ன படி, அடுத்து இன்ன படி என வரிசைப்படுத்திச் செய்யும் முறையை அது குறிக்கும். மருத்துவத்திற்கென முதலில் ஆக்கப்பட்ட அறிவுக் கணிப்பொறிகள் இவ்வகையினவே. அமெரிக்க நாட்டின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 1970களில் உருவான மைசின் என்னும் செயல்நிரல் அவற்றுள் புகழ்பெற்றது. குருதியில் பரவும் தொற்றுக்கு எந்த நுண்ணுயிர் காரணம், எம்மருந்து ஏற்றது என்பனவற்றை நூற்றுக்கணக்கான விதிகளைக் கொண்டு அது கூறிற்று. இன்னது காணப்பட்டால் இன்னது என்று கொள்க என்பதே விதியின் வடிவம். நூற்பாவும் புறனடையும் கற்ற இலக்கண மாணவர்க்கு இம்முறை புதிதன்று.

1979இல் வெளிவந்த ஆய்வொன்றில், மைசின் பரிந்துரைத்த மருத்துவமும் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் பரிந்துரைத்தனவும், எவை யாருடையவை என்பது மறைக்கப்பட்டு, வல்லுநர்களிடம் மதிப்பீட்டிற்கு அளிக்கப்பட்டன. மைசின் 65 விழுக்காடு ஏற்பைப் பெற்றது. பேராசிரியர் எவரும் அந்த அளவை எட்டவில்லை. இருந்தும் அச்செயல்நிரல் நோயாளிகளுக்கென நாள்தோறும் பயன்படும் நிலைக்கு வரவேயில்லை. காரணங்கள் பல. மருத்துவர்களின் மனப்போக்கை ஆராய்ந்து 1981இல் வெளியிடப்பட்ட ஆய்வு அவற்றுள் ஒன்றைத் தெளிவாக்கிற்று. கணிப்பொறி ஒருபோதும் பிழை செய்யக் கூடாது என்பது மருத்துவர்களின் முதல் எதிர்பார்ப்பு அன்று. இந்த முடிவிற்கு ஏன் வந்தாய் என்று கேட்டால் அது விளக்க வேண்டும் என்பதையே அவர்கள் தலையாயதாகக் கருதினர். அறிஞர் ஒருவர் மற்றோர் அறிஞரிடம் எதிர்பார்ப்பது இதுதானே!

இன்றைய கருவிகள் வேறு வழியில் கற்றவை. திருப்பூர்ப் பனியன் ஆலைகளில் செக்கிங் பகுதியில் அமர்ந்திருக்கும் பெண்களைப் பார்த்தவர்க்கு இது எளிதில் விளங்கும். தையல் விட்டுப்போன துணியும் கறை படிந்த துணியும் அவர் கைக்கு வந்த கணமே தனியே விழுகின்றன. எந்த விதியைக் கொண்டு கண்டுபிடித்தாய் என்று கேட்டால் அவர் சிரிப்பார். வேலைக்குச் சேர்ந்த நாளில் இது நல்லது, இது ஆகாது என்று மேற்பார்வையாளர் எடுத்துக் காட்டினார்; ஆயிரக்கணக்கான துணிகள் கைவழியே சென்றன; கண் பழகிவிட்டது. கணிப்பொறிக்கும் அவ்வாறே இலக்கக்கணக்கான படங்களைக் காட்டி, இதில் நோய் உண்டு, இதில் இல்லை என்று கற்பித்தனர். அதுவும் பழகிக்கொண்டது. அதனால்தான் ஏன் என்று கேட்டால் அதற்கும் விடை சொல்லத் தெரிவதில்லை. மைசினைவிடத் திறமை மிகுதி, விளக்கமோ குறைவு. இன்று மருத்துவத் துறையினர் கொண்டிருக்கும் ஐயங்களுள் பெரும்பகுதி இங்கிருந்தே பிறக்கிறது.

தமிழ்நாட்டில் நிகழ்ந்தது

இவ்வகைக் கருவி உலகில் முதன்முதலாக மெய்யான நோயாளிகளிடையே பெரிய அளவில் பயன்பட்ட இடங்களுள் ஒன்று நம் தமிழ்நாடே. அரசுப் பணியில் ஓய்வு பெற்ற மருத்துவர் கோவிந்தப்ப வெங்கடசாமி 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கியது அரவிந்த் கண் மருத்துவமனை. முடக்குவாதத்தால் விரல்கள் கோணிய நிலையிலும் அறுவை மருத்துவம் செய்து வந்தவர் அவர். கோயம்புத்தூரில் 1997ஆம் ஆண்டு முதல் இயங்கி வரும் அதன் கிளையைக் கொங்கு நாட்டார் அறிவர். ஊர்ப்புறப் பெண்களைத் தேர்ந்தெடுத்து, ஈராண்டுப் பயிற்சி அளித்து, கண் பரிசோதனையின் பெரும்பகுதியை அவர்களிடம் ஒப்படைத்தது அந்நிறுவனத்தின் தனிச்சிறப்பு. மருத்துவர் மருத்துவருக்குரிய பணியை மட்டும் செய்கிறார். எஞ்சியவற்றை இப்பெண்கள் செய்கின்றனர். உழைச்செல்வானை நடுநாயகமாக வைத்துக் கட்டிய மருத்துவமனை என்று அதனைக் கூறலாம்.

சர்க்கரை நோய் முற்றினால் விழித்திரையின் நுண்ணிய குருதிக் குழாய்கள் பழுதுபடும். அங்கங்கே புடைத்து, கசிந்து, இறுதியில் பார்வையைப் பறிக்கும். இதில் கொடிது யாதெனில், நோய் வளரும் காலத்தில் வலியே இருப்பதில்லை. பார்வை மங்கியது என்று நோயாளி உணரும்போது பெரும் கேடு நிகழ்ந்திருக்கும். ஆண்டுதோறும் விழித்திரையைப் படம் எடுத்துப் பார்த்து, உரிய நேரத்தில் லேசர் முதலிய மருத்துவம் செய்தால் பெரும்பாலோர் பார்வையைக் காக்க இயலும். இந்தியாவில் 10.1 கோடிப் பேர் சர்க்கரை நோயாளிகள் என்று 2023இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு மதிப்பிட்டது. இத்தனை பேரின் விழித்திரையையும் ஆண்டுக்கு ஒருமுறை பார்ப்பதற்கு நம் நாட்டுக் கண் மருத்துவர்களின் எண்ணிக்கை போதாது.

கூகுள் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 1,28,175 விழித்திரைப் படங்களைத் திரட்டினர். அமெரிக்காவின் படங்களோடு நம் நாட்டுக் கண் மருத்துவமனைகளின் படங்களும் அவற்றுள் அடங்கும். கண் மருத்துவர் 54 பேர் அப்படங்களைத் தரம் பிரித்தனர். ஒவ்வொரு படத்தையும் குறைந்தது மூவர் பார்த்தனர். இவ்வாறு கற்பிக்கப்பட்ட கணிப்பொறியின் திறம் 2016இல் வெளியாயிற்று. பின்னர் மதுரை அரவிந்த் மருத்துவமனையிலும் சென்னை சங்கர நேத்ராலயாவிலும் 3,049 நோயாளிகளிடம் சோதித்து 2019இல் முடிவை வெளியிட்டனர். அங்குப் படம் பார்த்துத் தரம் பிரித்த மனிதர்களுக்கு இணையாகவோ மேலாகவோ கருவி செயல்பட்டது. 2025இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, அரவிந்த் நிறுவனத்தின் 45 நிலையங்களில் 6 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் இக்கருவியால் பரிசோதிக்கப்பட்டதைக் குறிப்பிடுகிறது. அவர்களுள் ஒரு சிறு பகுதியினரின் படங்களை வல்லுநர்கள் மீண்டும் பார்த்தபோது, கடுமையான நிலையிலிருந்த கண்களுள் நூற்றுக்கு 97ஐக் கருவி சரியாக இனங்கண்டிருந்தது.

இவ்வெற்றியை முழுவதும் கணிப்பொறிக்கே உரியதாக்குதல் பொருந்தாது. படம் எடுக்கத் தெரிந்த பெண்ணும், நோய் உண்டு என்றால் அனுப்புதற்கு ஒரு மருத்துவமனையும், தொலைவிலிருந்து காணொளி வழியே நோயாளியோடு பேசும் மருத்துவரும் அங்குக் கருவி வருவதற்கு முன்பே இருந்தனர். இருந்த வீட்டிற்குள் புதிதாக ஒரு விருந்தாளி வந்தார் எனலாம். வீடே இல்லாத இடத்திற்கு இவ்விருந்தாளி சென்றால் யாது நிகழும்?

தாய்லாந்துச் செவிலியர்

அதற்கும் மெய்யான சான்று உண்டு. இதே கருவியைத் தாய்லாந்து நாட்டில் பதும்தானி, சியாங்மாய் ஆகிய மாநிலங்களின் 11 மருத்துவ நிலையங்களுக்குக் கொண்டு சென்றனர். அந்நிலையங்களின் செவிலியரை உடனிருந்து கவனித்து எழுதப்பட்ட ஆய்வு 2020இல் வெளிவந்தது. ஆய்வகத்தில் மின்னிய கருவி அங்குத் தடுமாறியது. தெளிவில்லாத படத்தை ஏற்பதில்லை என்பது கருவிக்கு இட்ட கட்டளை. பல நிலையங்களில் இருட்டறை இல்லை. செவிலியர் கிடைத்த அறையில் படம் எடுத்தனர். முதல் ஆறு மாதங்களில் எடுத்த 1,838 படங்களுள் 21 விழுக்காட்டைக் கருவி தள்ளிவிட்டது. இணைய இணைப்போ மெதுவானது. ஒவ்வொரு படமும் சென்று சேரும்வரை வரிசை நின்றது.

இங்குச் செவிலியரின் மனநிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். படத்தின் ஒரு மூலை மங்கலாயிருந்தாலும் மறு மூலையில் நோயின் அடையாளம் தம் கண்ணுக்குத் தெரிகிறது. கருவியோ படம் சரியில்லை, நோயாளியைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பு என்கிறது. அங்குச் சென்றுவர நோயாளிக்கு ஒரு நாள் கூலி போகும். வண்டிச் செலவு உண்டு. போய்ப் பார்த்தால் நோயே இல்லாதிருக்கலாம். இதனை எண்ணிய சில செவிலியர் இச்சோதனையில் சேர வேண்டாம் என நோயாளிகளிடம் தாமே சொல்லத் தொடங்கினர். அறிவியலை வெறுத்தோ வேலை போய்விடும் என்று அஞ்சியோ அவர்கள் அவ்வாறு செய்யவில்லை. எதிரே அமர்ந்திருந்தவரின் ஒரு நாள் கூலி அவர்கள் கண்முன் நின்றது. பரிமேலழகர் முதலில் வைத்த தகுதி, நோயாளியிடத்து அன்பு, அங்கே வேலை செய்தது.

சிறப்பு மருத்துவரின் விடைக்காகப் பல வாரம் காத்திருந்த நோயாளி அன்றே விடை பெற்றதைக் கண்டு மகிழ்ந்த செவிலியரும் அங்கு இருந்தனர். ஆகவே, மருத்துவப் பணியாளர்கள் புதுமையை எதிர்ப்பவர்கள் என்று பொதுப்படக் கூறுவோர் உண்மையை அறியாதார். கருவி எங்கே தம் பணிக்குத் துணை செய்கிறது, எங்கே தம் தலையில் சுமையை ஏற்றுகிறது என்பதை அவர்கள் மிக நுட்பமாக அறிவர்.

தாளின் மேல்வரி

சொந்த வாழ்வில் நேர்ந்த ஒன்றைக் கூற வேண்டியுள்ளது. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவில் எங்கள் அத்தாவுக்கு நெஞ்சில் பாரம். நகரில் அருகிலிருந்த ஒரு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். ஈ.சி.ஜி. எடுத்தனர். அத்தாளின் மேல்வரியைப் பலர் கவனித்திருக்க மாட்டார்கள். அலைக்கோடுகளைத் தானே படித்து, இதயம் இயல்பாக உள்ளதா இல்லையா என்று எந்திரம் அச்சிடும் வரி அது. மருத்துவர் உறுதி செய்யாதது என்னும் குறிப்பும் பெரும்பாலும் உடனிருக்கும். செயற்கை நுண்ணறிவு என்று நாம் இன்று வியந்து பேசுவதற்குப் பல்லாண்டுகள் முன்பே, மருத்துவ முடிவில் எந்திரம் வாய் திறந்துவிட்டது என்பதற்கு அந்த ஒரு வரியே சான்று.

அன்று அவ்வரி இயல்பு என்றது. பணியிலிருந்த இளம் மருத்துவர் தாளைப் பார்த்துவிட்டு, வாயுத் தொல்லையாக இருக்கலாம் என்று மாத்திரை எழுதினார். நாங்கள் புறப்படும் வேளையில், மூத்த செவிலியர் ஒருவர் கட்டிலருகே வந்து அத்தாவின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். பின் மருத்துவரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "சார், அய்யாவுக்கு வேர்வை நிக்கவே இல்லைங்க. கொஞ்ச நேரம் வெச்சிருந்து இன்னொரு தடவை எடுத்துப் பாக்கலாங்களா?" அரைமணி நேரம் கழித்து எடுத்த இரண்டாவது தாளில் மாரடைப்பின் அடையாளம் தெளிவாகத் தெரிந்தது. முதல் தாளும் பொய்யன்று. மாரடைப்பின் தொடக்கத்தில் ஈ.சி.ஜி. இயல்பாகத் தோன்றுவது உண்டு என்று பின்னர் இதய மருத்துவர் விளக்கினார். எந்திரம் தன் எதிரே வந்த கோட்டைப் படித்தது. வேர்வை அத்தாளில் இல்லை.

அத்தா குணமடைந்து திரும்பும் நாளில் அச்செவிலியரைத் தேடிச் சென்று நன்றி கூறினோம். எப்படி ஐயம் வந்தது என்று கேட்டேன். "பதினெட்டு வருசமாப் பாக்கறனுங்க. அந்த வேர்வை வேறைங்க" என்றார். ஒருவேளை உங்கள் ஐயம் தவறாக இருந்திருந்தால் என்று மேலும் கேட்டதற்கு, "நைட்டு டூட்டில டாக்டர் பேச்சுக்கு எதிர்ப்பேச்சுப் பேசுனேன்னு திட்டு வாங்கியிருப்பனுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குச் சென்றுவிட்டார்.

எந்திரம் தவறினால் அதற்குத் திட்டு இல்லை. அதன் சொல்லை ஏற்று நடந்த இளம் மருத்துவருக்கும் ஒரு மறைப்பு உண்டு; தாளில் அப்படித்தானே இருந்தது என்று கூறிவிடலாம். எந்திரத்தை மறுத்துப் பேசியவருக்குத்தான் மறைப்பு ஏதும் இல்லை. செயற்கை நுண்ணறிவைப் பற்றி மருத்துவப் பணியாளர்கள் கொண்டுள்ள அச்சத்தின் வேர் இதுவே என்று கருதுகிறேன். கருவியின் அறிவுக்கூர்மை பற்றி அவர்கள் கொள்ளும் கவலையைவிட, மறுத்தால் என் நிலை என்ன, ஏற்றால் என் நிலை என்ன என்னும் கவலையே பெரிது. எந்திரத்தின் பரிந்துரைக்கு மாறாக நடந்து நோயாளி இறந்தால் ஏன் மறுத்தாய் என்பர். அதன்படி நடந்து இறந்தால் உனக்கு அறிவில்லையா என்பர். பரிமேலழகரின் மூன்றாம் தகுதிக்கும் நான்காம் தகுதிக்கும் இடையே அகப்பட்டு நிற்பவர் அவர்.

ஐயமும் அறிவும்

ஐயப்படுதல் அறியாமையின் அடையாளம் என்று எண்ணுவோர்க்கு, மருத்துவ வரலாற்றிலிருந்து ஒரு பெரியாரை நினைவூட்டலாம். பெரியம்மையையும் தட்டம்மையையும் வேறுபடுத்தி நூல் எழுதிய அபூபக்கர் அர்-ராஸி, கிரேக்க மருத்துவ மேதை ஜாலினூஸைத் தம் ஆசான் நிலையில் வைத்துப் போற்றியவர். ஆயினும் ஜாலினூஸின் நூல்களில் தாம் கண்ட ஐயங்களைத் தொகுத்துத் தனி நூலே இயற்றினார். நோயாளிகளுள் ஒரு பிரிவினருக்குக் குருதி வெளியேற்றும் மருத்துவம் செய்து, மற்றொரு பிரிவினருக்குச் செய்யாது விட்டு, விளைவை ஒப்பிட்டுப் பார்த்ததாகவும் அவர் குறித்து வைத்துள்ளார். ஆசானிடத்து அன்பும் ஆசானின் சொல்லைச் சோதித்துப் பார்க்கும் துணிவும் ஒருவரிடமே குடியிருக்கலாம் என்பதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அவர் சான்று வைத்தார். ஜாலினூஸுக்கு அளித்த அதே மதிப்பையும் அதே ஐயத்தையும் இன்றைய கணிப்பொறிக்கும் அளிப்பதே முறை.

ஐயப்படாதார் அடையும் இழப்புக்கும் சான்று இல்லாமல் இல்லை. போலந்து நாட்டில் பெருங்குடலுக்குள் கருவி செலுத்தி, புற்றாக மாறக்கூடிய சிறு கட்டிகளைத் தேடும் மருத்துவர்களிடையே நிகழ்ந்த ஆய்வு 2025இல் வெளியாயிற்று. செயற்கை நுண்ணறிவு வருவதற்கு முன், தாமே பார்த்தபோது, 28.4 விழுக்காட்டினரிடம் அக்கட்டிகளைக் கண்டனர். கருவியோடு பழகிய பின், கருவி இல்லாது பார்த்த வேளையில் அது 22.4 விழுக்காடாகக் குறைந்தது. இதற்கு வேறு காரணங்களும் இருக்கலாம் என்று அறிஞர் வாதிடுகின்றனர். எனினும் கைக்கணிப்பான் வந்த பின் வாய்ப்பாட்டை மறந்த நம் தலைமுறைக்கு இது வியப்பளிக்காது.

மறுபுறம், ஓயாது கூவும் கருவியும் பயனற்றது. அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான மருத்துவமனைகளில் செப்சிஸ் என்னும் கொடிய தொற்றை முன்கூட்டி அறிவிக்க நிறுவப்பட்ட ஒரு கணிப்பை மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் ஆராய்ந்து 2021இல் முடிவை வெளியிட்டனர். அத்தொற்று உண்டானோருள் மூன்றில் இரு பங்கினரை அது தவறவிட்டிருந்தது. அதே வேளையில் மருத்துவமனையில் சேர்ந்தோருள் 18 விழுக்காட்டினருக்கு எச்சரிக்கை எழுப்பியிருந்தது. புலி வருகிறது என்று பலமுறை கூவிய சிறுவனின் கதை செவிலியர் அறியாததன்று.

யார் பொறுப்பு?

நம் நாட்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2023இல் மருத்துவத் துறையின் செயற்கை நுண்ணறிவுக்கென ஒழுக்க நெறிகளை வெளியிட்டது. அதற்கு முன் 2021இல் உலக நலவாழ்வு நிறுவனமும் வெளியிட்டிருந்தது. முடிவெடுக்கும் உரிமை மனிதரிடமே இருத்தல் வேண்டும், பொறுப்பு இன்னாருடையது என்பது தெளிவாதல் வேண்டும் என இரண்டும் வற்புறுத்துகின்றன. நல்ல சொற்களே. ஆயினும் மனிதர் என்பது எந்த மனிதர்? அவ்வுரிமையை மருத்துவருக்கு மட்டும் உரியதாக்கிவிட்டால், இரவுப் பணியில் கழுத்தைத் தொட்டுப் பார்த்த அச்செவிலியர் அதற்குள் அடங்கமாட்டார். எந்திரத்தின் முடிவை மறுத்துக் குறிப்பெழுத அவருக்கும் ஓர் இடம் வேண்டும். அக்குறிப்பை எவரேனும் படித்து விடை கூறவும் வேண்டும். எழுதியதற்காக அவர் திட்டு வாங்கக் கூடாது. இம்மூன்றும் பெரும் பொருட்செலவு கோருவன அல்ல.

தமிழ்நாடு அரசு 2022இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம் இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. காசநோய் கண்டவருக்கு உடல் எடை, கால் வீக்கம், மூச்சின் வேகம், குருதியின் ஆக்சிஜன் அளவு, பிறர் உதவியின்றி நிற்க முடிகிறதா என்பன போன்ற எளிய சிலவற்றைப் பணியாளர் பார்த்து, உடனே மருத்துவமனையில் சேர்க்க வேண்டியவரைப் பிரித்தெடுக்கின்றனர். இங்கு ஏன் என்னும் வினாவிற்கு விடை எவருக்கும் புரியும். பெரியவருக்கு எழுந்து நிற்க முடியவில்லை, ஆகவே சேர்க்கிறோம் என்று வீட்டாரிடம் சொல்லலாம். தாம் விளங்கிக்கொண்டதையும் பிறர்க்கு விளக்கக் கூடியதையுமே உழைச்செல்வான் முழுமனத்தோடு செய்வான்.

நம் சமுதாயத்தில் அமானத் என்னும் சொல் வழங்குகிறது. பிறர் நம்மை நம்பி ஒப்படைத்த பொருள் என்பது அதன் கருத்து. நோயாளி தம் உடலை மருத்துவமனையில் ஒப்படைப்பதும் அமானத்தே. அதனை ஏற்றவர், நான் எந்திரத்திடம் கொடுத்துவிட்டேன் என்று கூறிக் கைகழுவ இயலாது. எந்திரத்தைச் செய்து விற்றவர், வாங்கி நிறுவியவர், அதன்படி எழுதியவர் என எல்லோரும் அதில் பங்குடையவர். இன்றோ நோயாளியின் முகத்தைப் பார்த்து விடை கூறும் பணி ஒருவர் தலையிலேயே விழுகிறது.

அதனை அண்மையில் எம் பழைய மாணவி ஒருவர் வாயிலாகக் கேட்டேன். பகுதி ஒன்று தமிழ் எம்மிடம் பயின்றவர். இன்று பொள்ளாச்சி வட்டாரத்தில் சர்க்கரை நோயாளிகளுக்கு விழித்திரைப் படம் எடுக்கும் பணியில் இருக்கிறார். தென்னைநார் ஆலையில் வேலை பார்க்கும் மூதாட்டி ஒருவர் வந்திருக்கிறார். பார்வையில் குறையேதும் அவர் உணரவில்லை. மகள் வற்புறுத்தியதால் வந்தவர். படம் எடுத்த சற்று நேரத்தில், பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்று திரையில் வந்தது. மாணவி அதனைக் கூறியபோது மூதாட்டி நம்பவில்லை.

"ஏங்கண்ணு, பொட்டி சொல்லுதா, நீ சொல்றியா?" என்று கேட்டாராம்.

என்ன சொன்னாய் என்று கேட்டேன். உடனே பதில் வரவில்லை என்றார். திரையிலிருந்த படத்தை மீண்டும் ஒருமுறை தாமே உற்றுப் பார்த்திருக்கிறார். பயிற்சியில் கற்பித்தபடி சிவந்த புள்ளிகளும் ஓரிடத்தில் மஞ்சள் படிவும் தெரிந்தன. மூதாட்டியின் நாற்காலியைத் திரைப்பக்கம் திருப்பி, அவற்றை விரலால் தொட்டுக் காட்டியிருக்கிறார்.

"நானும் பாத்துட்டேனுங்க பாட்டி. நான்தான் சொல்றேன், போயிட்டு வாங்க."

மூதாட்டி சிறிது நேரம் அப்படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாராம். பிறகு, "அப்ப எந்தக் கிழமை போனா ஒரு நாள் கூலியோட முடியும், எந்த பஸ்ஸுன்னு எழுதிக் குடு கண்ணு" என்று பரிந்துரைச் சீட்டை நீட்டியிருக்கிறார். அதன் பின்புறத்தில் கிழமையையும் பேருந்து எண்ணையும் தம் கைப்பேசி எண்ணையும் எழுதிக் கொடுத்தேன் என்றார் எம் மாணவி.